ஒரு கடற்காட்சி ஓவியத்தை அரை மணி நேரம் பார்ப்பது எப்படி: மோனேயின் 1867 கோடையும் இம்ப்ரெஷனிசத்தின் வேர்களும்

மாறும் ஒளியின் கணநேரத் தோற்றத்தை விரைந்த தூரிகைத் தடங்களால் பிடிக்க முயன்ற பிரெஞ்சு ஓவிய இயக்கமான இம்ப்ரெஷனிசத்தைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் 1874-இல் தொடங்குகின்றன. பாரிஸில் ஒரு கண்காட்சி நடக்கிறது. அதில் குளோத் மோனேயின் சூரிய உதயம் தொங்குகிறது. அதைப் பார்த்த பத்திரிகைக்காரர் ஒருவர் கேலியாக எழுதுகிறார். அந்தக் கேலிச் சொல்லே இயக்கத்தின் பெயராகிவிடுகிறது. பெயர் சூட்டிய நாளையே பிறந்த நாளாகக் கொண்டால் என்ன குழப்பம் வருமோ அதுவே இங்கும் நேர்ந்திருக்கிறது. பிள்ளை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிரான்சின் வடபகுதியான நார்மண்டியின் கடற்கரையில் பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் தொடங்கியிருந்தது. கடல் ஓவியனுக்காகக் காத்து நிற்பதில்லை என்பதுதான் அது அங்கே பிறந்ததற்குக் காரணம் என்பது என் துணிபு. அந்தத் துணிபை நீங்களே உங்கள் கண்ணால் சோதித்துப் பார்ப்பதற்கான வழிமுறையை இங்கே தருகிறேன்.

இதற்கு ஒரே ஓர் ஓவியம் போதும். மோனே 1867 கோடையில் வரைந்த 'சேன்த் அத்ரெஸ் கடற்கரை' இப்போது சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. அதற்கு இணையாக, அதே கோடையில், அதே கரையில், ஏறக்குறைய அதே அளவில் அவர் வரைந்த 'சேன்த் அத்ரெஸ் படகுப் போட்டி' நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களும் தங்கள் இணையதளத்தில் பெரிய அளவுப் படங்களைக் கட்டணமின்றித் தருகின்றன. எனவே பயணச் செலவு இல்லாமலே தொடங்கலாம்.

தொடங்கும் முன்

படத்தை அருங்காட்சியகத்தின் தளத்திலிருந்தே திறங்கள். தேடுபொறியில் வரும் முதல் படத்தை நம்பக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கல்லூரி நாட்களில் ஒரு கடையில் வாங்கிய அச்சுப்படம் ஒன்று என் அறைச் சுவரில் பல ஆண்டுகள் தொங்கியது. அதில் கடல் பாசிப் பச்சையாகவும் வானம் வெளிறிய மஞ்சளாகவும் இருந்ததால், மோனே மாலை வெயிலில் வரைந்த ஓவியம் அது என்று நானாகவே ஒரு விளக்கமும் சொல்லிவந்தேன். பிறகு நல்ல பிரதி ஒன்றைப் பார்த்தபோதுதான், மேகம் மூடிய பகலின் சாம்பல் கலந்த நீலத்தை அச்சுக்கூடம் மஞ்சளாக்கியிருந்தது விளங்கியது. அதே தவற்றை இன்று உங்கள் கைபேசியே செய்யக்கூடும். இரவு நேரக் கண் பாதுகாப்புக்காகத் திரையை மஞ்சளாக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்து, அளவை உடலால் உணருங்கள். சிகாகோ ஓவியம் சுமார் 76 செ.மீ. உயரமும் 102 செ.மீ. அகலமும் உடையது. ஓர் அளவுநாடாவை எடுத்து, சுவரில் அந்த அளவுக்கு நான்கு மூலைகளிலும் சிறு காகிதத் துண்டுகளை ஒட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். கைபேசியில் உள்ளங்கை அளவாகத் தெரிவது உண்மையில் ஒரு சிறிய சன்னலின் பரப்பளவு உடையது என்பது தெரிந்துவிட்டால், பிறகு தூரிகைத் தடங்களைப் பற்றிப் பேசும்போது அவற்றின் நீள அகலத்தைத் தவறாகக் கணிக்க மாட்டீர்கள். கடற்கரைக் காற்றில் இந்த அளவுள்ள கித்தானை (ஓவியம் வரையும் துணியை)த் தாங்கியில் நிறுத்தி வைப்பது எத்தனை பெரிய பாடு என்பதும் புரியும்.

முதல் பார்வை: தொடுவானத்தை அளத்தல்

ஓவியத்தின் தலைப்பையோ விளக்கக் குறிப்பையோ படிக்காமல் இரண்டு நிமிடம் படத்தை மட்டும் பாருங்கள். பிறகு ஒரு காகிதத் துண்டைத் திரையின் ஓரத்தில் வைத்து, படத்தின் அடியிலிருந்து தொடுவானம் வரை ஒரு குறியும், தொடுவானத்திலிருந்து மேல் விளிம்பு வரை ஒரு குறியும் போடுங்கள். கடற்காட்சி ஓவியத்தில் ஓவியர் எடுக்கும் முதல் முடிவு இந்தக் கோடு எங்கே விழ வேண்டும் என்பதுதான். மற்ற முடிவுகள் அதற்குப் பின்னால் வருகின்றன. 'சேன்த் அத்ரெஸ் கடற்கரை'யில் ஏறக்குறையப் பாதிக் கித்தானை வானம் எடுத்துக்கொள்கிறது. 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் தொடுவானத்தைத் தாழ்த்தி வைத்து மேகங்களுக்கு இடம் விட்ட மரபு இதன் பின்னால் நிற்கிறது. அந்த மரபை மோனேயிடம் நேராகக் கொண்டுவந்து சேர்த்தவர்களுள் ஒருவர் யோஹான் யோங்கிண்ட் என்ற டச்சுக்காரர். மோனே அவரை 1862-இல் நார்மண்டிக் கடற்கரையில் சந்தித்தார். தன் கண்ணுக்கு இறுதிப் பயிற்சி அளித்தவர் யோங்கிண்டே என்று பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

இதற்கு நேர்மாறான ஒரு முடிவைப் பார்க்க விரும்பினால் எதுவார் மானேயின் 'கியர்சார்ஜ், அலபாமா கப்பல்களின் போர்' என்ற ஓவியத்தைத் திறங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரு கப்பல்கள் 1864 ஜூன் 19 அன்று பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்துக்கு வெளியே மோதிக்கொண்டதை மானே அதே ஆண்டில் வரைந்தார். அது இப்போது பிலடெல்பியாவில் உள்ளது. அங்கே தொடுவானம் மிக உயரத்தில் இருக்கிறது. கித்தானின் பெரும்பகுதி வெறும் தண்ணீர். போர் மேல் விளிம்புக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. கடல் பின்னணியாக இருந்த காலம் போய் அதுவே கருப்பொருளாகத் தொடங்கியதை அந்த ஒரு கோட்டின் உயரமே சொல்லிவிடுகிறது. (மோனே, மானே என்ற ஓரெழுத்து வேறுபாடு தமிழில் மட்டும் தொல்லை தருவதில்லை. 1865-ஆம் ஆண்டு பாரிஸ் அரசுக் கண்காட்சியில் மோனேயின் இரண்டு கடற்காட்சிகள் பாராட்டுப் பெற்றபோது, அவற்றைத் தன்னுடையவை என்று எண்ணிச் சிலர் தன்னை வாழ்த்தியதைக் கண்டு மானே எரிச்சலடைந்தார் என்பது கலை வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட கதை.)

வானமும் கடலும் ஒரே ஒளியில் நனைந்திருப்பது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் 1850-களின் ஒளிப்படக்காரர்களால் அதைச் செய்ய முடியவில்லை. அன்றைய கண்ணாடி நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு மிகையாக இசைந்தன. கடலுக்குத் தேவையான நேரம் ஒளி பாய்ச்சினால் வானம் வெளுத்துப்போய்விடும். அதனால் குஸ்தாவ் ல கிரே என்பவர் வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களைத் தொடுவானத்தில் ஒட்டவைத்துத் தம் புகழ்பெற்ற கடற்படங்கள் சிலவற்றை அச்சிட்டார். ஓவியருக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் மேகம் கலைவதற்குள் இரண்டையும் பிடித்தாக வேண்டும் என்ற வேறு ஒரு தடை இருந்தது.

வானிலையைப் படித்தல்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு தாளை எடுத்து அதில் நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது? கடல் ஏறியிருக்கிறதா, வற்றியிருக்கிறதா? வெயில் எங்கே? மணி என்ன இருக்கும்? விடைகளைப் படத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். பாய்கள் எந்தப் பக்கம் புடைத்திருக்கின்றன என்று பாருங்கள். நிழல்கள் கூர்மையாக விழுகின்றனவா, கரைந்து போகின்றனவா என்று பாருங்கள். அலை உடையும் கோட்டுக்கும் படகுகள் நிற்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பாருங்கள்.

சிகாகோ ஓவியத்தில் கடல் வற்றியிருக்கிறது. மேகம் மூடிய பகல். மீன்பிடிப் படகுகள் கூழாங்கல் கரையில் இழுத்துவிடப்பட்டுக் கிடக்கின்றன. நியூயார்க் ஓவியத்தில் கடல் ஏறியிருக்கிறது, வெயில் அடிக்கிறது, வெள்ளைப் பாய்கள் விரிந்த படகுகள் ஓடுகின்றன. இரண்டையும் வரைந்த இடங்களுக்கு இடையே சில அடி தூரம்தான். இந்த வேறுபாட்டின் கனம் சென்னைக் கடற்கரையில் பழகிய கண்ணுக்கு உடனே பிடிபடாது. அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவிலேயே நின்றுவிடும். சேன்த் அத்ரெஸை ஒட்டிய துறைமுக நகரான லெ ஆவ்ர் பகுதியிலோ பெரிய ஓத (கடல் ஏற்றவற்ற) நாட்களில் கடல் ஏழெட்டு மீட்டர் ஏறி இறங்கும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் கரையின் வடிவமே மாறிவிடும் ஓர் இடத்தில், காலையில் தொடங்கிய ஓவியத்தை மாலை வரை அதே காட்சியைப் பார்த்துக்கொண்டே வரைய வழியில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு வந்தாலும் ஓதம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போயிருக்கும். மேகமும் வெயிலும் வேறாக இருக்கும். மரமும் மாளிகையும் வரையும் ஓவியருக்கு இல்லாத இந்த நெருக்கடியே, விரைந்து வரைவதை ஒரு குறையாகக் கருதாமல் ஒரு முறையாக வளர்த்தெடுக்க வைத்தது.

இப்படிக் காற்றையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும் பழக்கம் நான் கண்டுபிடித்ததல்ல. மோனேயின் முதல் வழிகாட்டியான யூஜேன் பூதேன் அப்படித்தான் செய்தார். 1824-இல் ஓன்ஃப்ளர் என்ற துறைமுக ஊரில் ஒரு கடலோடியின் மகனாகப் பிறந்த அவர், இளமையில் லெ ஆவ்ரில் எழுதுபொருளும் படச்சட்டமும் விற்கும் கடையில் பங்குதாரராக இருந்தார். பிறகு கடையை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய் பாஸ்டல் வண்ணங்களால் மேகங்களை வரைந்து, ஒவ்வொரு தாளிலும் நாள், நேரம், காற்று ஆகியவற்றைக் குறித்து வைத்தார். 1859-இல் அந்தத் தாள்களைப் பார்த்த கவிஞர் பொதலேர், எழுதியிருப்பதைக் கையால் மறைத்துவிட்டு ஓவியத்தை மட்டும் பார்த்தாலே பருவத்தையும் நேரத்தையும் காற்றையும் சொல்லிவிடலாம் என்ற பொருளில் வியந்து எழுதினார். நீங்கள் தாளில் எழுதிய நான்கு கேள்விகளும் பொதலேர் ஆடிய அதே விளையாட்டுதான்.

பதின்வயது மோனே அப்போது லெ ஆவ்ரில் ஊர்ப் பெரியவர்களின் கேலிச்சித்திரங்களை வரைந்து நல்ல காசு பார்த்துக்கொண்டிருந்தார். அவை தொங்கிய கடைச் சன்னலில் பூதேனின் கடற்காட்சிகளும் தொங்கின. அவை அவருக்கு முதலில் சற்றும் பிடிக்கவில்லை. பூதேன் விடாமல் அழைத்து, ஒரு நாள் வெளியே கூட்டிப்போய்த் தன் அருகில் உட்காரவைத்து வரைந்து காட்டினார். திரை விலகியது போல அன்று தனக்கு எல்லாம் விளங்கிற்று என்று மோனே முதுமையில் சொல்லியிருக்கிறார். இம்ப்ரெஷனிசத்தின் வேர் எது என்று யாராவது ஒற்றை விடை கேட்டால், நான் 1874-ஐச் சொல்லாமல் இந்த ஒரு நாளைத்தான் சொல்வேன்.

நிறத்தை நீக்கிப் பார்த்தல்

கைபேசியின் படத்தொகுப்புச் செயலியில் நிறச்செறிவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தால் ஓவியம் கறுப்பு வெள்ளையாகிவிடும். இப்போது ஓவியத்தின் ஒளி அளவுகள் மட்டும் எஞ்சும். மேகம் மூடிய சிகாகோ ஓவியத்தில் படகுகளும் கருத்த பாய்களும் தனியே எடுப்பாக நிற்க, வானமும் தொலைக்கடலும் கரையும் பெருமளவு ஒன்றை ஒன்று நெருங்கிய சாம்பல்களாகிவிடுவதைக் காண்பீர்கள். மீண்டும் நிறத்தைக் கொண்டுவாருங்கள். நெருங்கியிருந்த சாம்பல்கள் நீலமாகவும் பச்சையாகவும் தந்த நிறமாகவும் பிரிந்து நிற்கும். பழைய முறையில் உருவத்தை எழுப்பிக் காட்டியது ஒளிக்கும் இருளுக்கும் உள்ள இடைவெளி. இங்கே அந்த வேலையில் ஒரு பங்கை நிறங்களுக்கு இடையேயான வேறுபாடு எடுத்துக்கொண்டிருக்கிறது. கைபேசி இல்லாமல் நேரில் பார்க்கும்போது, கண்களைப் பாதி மூடி இமைகளின் ஊடாகப் பார்த்தால் கிட்டத்தட்ட இதே பயன் கிடைக்கும். ஓவியர்கள் நெடுங்காலமாகக் கையாளும் உத்தி அது.

நெருங்கிப் போதல்

இப்போது படத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி, கரையின் கூழாங்கற்களிலிருந்து தொடங்கி மேல்நோக்கி மெல்ல நகருங்கள். அடியில் தனித்தனியாக வைத்த சிறு அப்பல்கள் கற்களாகின்றன. எந்தக் கல்லுக்கும் விளிம்பு வரையப்படவில்லை. நீர் தொடங்கும் இடத்தில் தடங்கள் குறுகிய கிடைக்கோடுகளாகின்றன. கரையை ஒட்டியவை நீளமாகவும் இடைவெளி விட்டும் இருக்க, தொலைவு கூடக் கூட அவை சுருங்கி நெருங்கி, இறுதியில் ஒரே நீலப் பட்டையாகக் கரைகின்றன. வானத்தில் தூரிகை அகலமாக வீசப்பட்டிருக்கிறது. கல்லுக்கு ஒரு கையசைவு, நீருக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என மூன்று விதமான கையெழுத்துகள் ஒரே கித்தானில் இருப்பதை நீங்கள் கண்டுகொண்டால் இந்தப் பயிற்சியின் பாதிப் பயன் கிடைத்துவிட்டது. கரையில் உட்கார்ந்திருக்கும் இரு சிறு உருவங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். சில தடங்களில் முடிந்துபோன மனிதர்கள் அவர்கள். முகம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் அவர்கள் சாய்ந்திருக்கும் விதத்திலேயே ஓய்வு தெரிகிறது.

இந்தத் தடங்களுக்குப் பின்னால் கருவிகளின் கதையும் உண்டு. அமெரிக்க ஓவியரான ஜான் ரேண்ட் 1841-இல் வண்ணங்களை அடைத்து வைக்கும் உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்து, ஊசியால் குத்திப் பிதுக்கி எடுப்பார்கள். குத்திய துளையைச் சரியாக மூட முடியாததால் எஞ்சியது காய்ந்துபோகும். திருகு மூடியுள்ள குழாய் வந்த பிறகு ஒரு பெட்டியில் பத்து நிறங்களைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடப்பது எளிதாயிற்று. தூரிகையின் மயிரை உலோகப் பட்டையால் இறுக்கும் முறை பரவியதால் தட்டையான தூரிகைகளும் கிடைத்தன. மோனேயின் நீரில் நீங்கள் பார்க்கும் சதுர முனைத் தடங்கள் வட்டத் தூரிகையில் எளிதாக விழுபவை அல்ல. நிறங்களிலும் புதியவை சேர்ந்திருந்தன. கோபால்ட் நீலம் 1802-இல் பிரான்சில் உருவானது. விலை உயர்ந்த லாபிஸ் கல்லை அரைத்துப் பெற்றுவந்த அல்ட்ராமரைன் நீலத்தின் செயற்கை வடிவம் 1820-களின் இறுதியில் வந்து விலையை வெகுவாகக் குறைத்தது. கடலையும் வானத்தையும் தாராளமாக நீலத்தால் நிரப்ப வசதியும் வேண்டுமல்லவா? 1843-இல் பாரிஸிலிருந்து ரூவானுக்கும் 1847-இல் அங்கிருந்து லெ ஆவ்ருக்கும் ரயில் பாதை வந்ததையும் இந்தக் கருவிப் பட்டியலில் சேர்க்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வெளியே நின்று வரைந்தார் என்றால் முழுவதையும் வெளியிலேயே, ஒரே அமர்வில் முடித்தார் என்று பொருளாகாது. 1865-இல் அரசுக் கண்காட்சியில் வைத்த 'வற்றிய கடலில் ஏவ் முனை' என்ற ஓவியத்தை மோனே முந்தைய ஆண்டில் கடற்கரையில் வரைந்த ஒரு சிறிய படத்தை வைத்துக்கொண்டு பாரிஸ் பட்டறையில்தான் பெரிதாக வரைந்தார். டெக்சாஸின் கிம்பல் அருங்காட்சியகத்தில் இருக்கும் அதைத் திறந்து 1867 ஓவியத்தின் அருகில் வையுங்கள். இரண்டு ஆண்டுகள்தான் இடைவெளி. ஆனால் முன்னதில் மேகங்கள் கனத்தும் நிறங்கள் மங்கியும் இருப்பதையும், பின்னதில் எல்லாம் வெளிச்சமாகத் திறந்துகொண்டதையும் காணலாம். விரைவு என்பது இந்த ஓவியர்களிடம் ஒரே நாளில் வந்த வரம் இல்லை.

கரையில் நிற்பவர்கள் யார்?

ஒளியையும் தூரிகையையும் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் மனிதர்களை எண்ணுங்கள். சிகாகோ ஓவியத்தில் படகுகளின் அருகே நிற்பவர்கள் மீனவர்கள். பொழுதுபோக்க வந்தவர்கள் தொலைவில் சிறிதாக உட்கார்ந்திருக்கிறார்கள். நியூயார்க் ஓவியத்தில் நல்ல உடை உடுத்தியவர்கள் கரையில் அமர்ந்து படகுப் போட்டியை வேடிக்கை பார்க்கிறார்கள். வற்றிய கடலுக்கும் மேகத்துக்கும் உழைப்பவர்கள், ஏறிய கடலுக்கும் வெயிலுக்கும் ஓய்வெடுப்பவர்கள் என்று மோனே பிரித்து வைத்தது தற்செயலாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். ரயில் வந்த பிறகு மீனவக் கரைகள் பாரிஸ்காரர்களின் கோடை வாசத் தலங்களாக மாறிக்கொண்டிருந்தன. பூதேன் 1860-களில் த்ரூவீல் கரையில் குடைகளோடும் அகன்ற பாவாடைகளோடும் நிற்கும் சீமாட்டிகளை வரைந்து அந்த மாற்றத்தை முதலில் ஓவியமாக்கினார். அவருடைய சிறிய பலகைகளில் மனிதர்களுக்கு மேலே வானம் பரந்து கிடக்கும் விதத்தைப் பார்த்தால், வாடிக்கையாளர்கள் வாங்கியது சீமாட்டிகளை, அவர் வரைய விரும்பியது வானத்தை என்று சொல்லத் தோன்றும்.

ஓவியத்தின் அமைதியை வைத்து ஓவியரின் மனநிலையைக் கணிக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1867-இல் மோனேயின் 'தோட்டத்தில் பெண்கள்' என்ற பெரிய ஓவியம் அரசுக் கண்காட்சியில் நிராகரிக்கப்பட்டது. கையில் காசில்லை. கருவுற்றிருந்த காதலி காமியைப் பாரிஸில் விட்டுவிட்டு, உறவை ஏற்காத குடும்பத்தோடு ஒத்துப்போவதற்காக அவர் சேன்த் அத்ரெஸில் அத்தையின் வீட்டில் தங்கியிருந்தார். ஆகஸ்ட் 8 அன்று மகன் பிறந்தபோதும் நண்பர் பஸீலிடம் கடிதத்தில் பணம் கேட்டுக்கொண்டிருந்த நிலைமைதான். வெளியே கண்ணைக் கூசும் ஒளியில் வரைந்ததால் கண்பார்வை மங்கி, வெளியில் வேலை செய்யக் கூடாது என்று மருத்துவர் தடுத்ததும் அதே கோடையில்தான். அத்தனைக்கும் நடுவே ஏறக்குறைய இருபது கித்தான்களை அவர் ஒரே சமயத்தில் கையில் வைத்திருந்தார்.

இறுதியாக, அந்தச் சூரியன்

இவ்வளவும் ஆன பிறகு 1874-இன் கதாநாயகனைத் திறக்கலாம். 'மனப்பதிவு (இம்ப்ரெஷன்), சூரிய உதயம்' என்று பொருள்படும் தலைப்புடைய அந்த ஓவியம் பாரிஸின் மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்தில் உள்ளது, 48 செ.மீ. உயரம், 63 செ.மீ. அகலம் மட்டுமே. லெ ஆவ்ர் துறைமுகத்தை அங்குள்ள விடுதிச் சன்னலிலிருந்து பார்த்து மோனே வரைந்தது. கையெழுத்தின் அருகே 72 என்று ஆண்டைக் குறித்திருக்கிறார். 1874 ஏப்ரல் 15 அன்று ஒளிப்படக்காரர் நடாரின் பழைய பட்டறையில் கண்காட்சி திறந்தது. பத்து நாள் கழித்து லூயி லெருவாவின் கேலிக் கட்டுரை வெளிவந்தது. அந்தக் கண்காட்சியில் பூதேனின் படைப்புகளும் இடம்பெற்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆசிரியர் மாணவரோடு சேர்ந்து அங்கே தொங்கினார்.

முன்பு செய்த நான்கு சோதனைகளையும் இதில் செய்யுங்கள். தொடுவானத்தைத் தேடுங்கள், மூடுபனியில் அது கரைந்து போயிருக்கும், காகிதக் குறி போட இடம் கிடைக்காது. காற்றைத் தேடுங்கள், புகையும் பாய்மரங்களும் நீலச் சாம்பலில் மூழ்கியிருக்கும். நெருங்கிப் போங்கள், நீரின் மேல் சூரியனின் பிம்பம் சில ஆரஞ்சுத் தீற்றல்களாக மட்டுமே இருக்கும். கடைசியாக நிறத்தை நீக்குங்கள். சூரியன் ஏறக்குறைய மறைந்துவிடும். சுற்றியுள்ள மேகத்தின் ஒளி அளவும் சூரியனின் ஒளி அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்படி மோனே கலந்திருக்கிறார். அது எரிவது போலத் தோன்றுவதும், உற்றுப் பார்த்தால் மெல்லத் துடிப்பது போலத் தோன்றுவதும் முழுக்க நிற வேறுபாட்டால் மட்டுமே. 1867-இன் மேகம் மூடிய கரையில் பங்கு அளவில் பார்த்த உத்தி ஐந்து ஆண்டுகளில் ஓவியத்தின் மையத்துக்கே வந்துவிட்டிருக்கிறது.

நேரில் ஓர் ஓவியத்தைப் பார்க்கும் வாய்ப்பு அமைந்தால், பெரிய பெயர்களைத் தாண்டி லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் 'த்ரூவீல் கடற்கரை'யின் முன் நில்லுங்கள். மோனே 1870 கோடையில், திருமணம் முடிந்த கையோடு, காமியையும் அருகில் மற்றொரு பெண்ணையும் குடைகளின் கீழ் உட்காரவைத்து வரைந்த சிறிய படம் அது. அகலம் அரை மீட்டருக்கும் குறைவு. அதன் வண்ணப் பூச்சுக்குள் கடற்கரை மணலும் சிப்பித் துகள்களும் ஒட்டிக் காய்ந்திருப்பதை அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஓவியத்துக்கு நேராக நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நின்று, விளக்கொளி பூச்சின் மேல் சாய்ந்து விழும்படி பாருங்கள். மேற்பரப்பின் சொரசொரப்பு அந்தக் கோணத்தில்தான் தெரியும்.